பதினைந்து நிமிடம் ஆறட்டும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. எல்லாரும் நலம் என்று மொத்தமாக எழுதினால் நீ நம்புவதில்லை என்பதால் ஆளுக்கு ஆள் பிரித்தே எழுதுகிறேன். அம்மா நலம், புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து வீட்டிலுள்ள தூசி அத்தனையும் அவள் கண்ணில் படுகிறது, அதனால் நான் அவ்வளவு நலமில்லை. இடது முழங்கால் மாடிப்படியில் மட்டும் வலிக்கிறது, சமதரையில் என்னை விட்டுவிடுகிறது. குளியலறைக் குழாய் நீ போனபோது எப்படிச் சொட்டியதோ அப்படியே சொட்டுகிறது. மேல்வீட்டுக்காரர் ஊதுகுழல் கற்றுக்கொள்கிறார், ஒரே வரியை ஐந்து மாதமாகக் கற்றுக்கொள்கிறார். உன் உடம்பு எப்படி இருக்கிறது, அந்தக் குளிர் அறைக்கு மாற்று அறை கேட்டாயா, கேட்டால்தான் தருவார்கள், கேட்காமல் கிடைக்கும் என்று நான் முப்பது வருடம் காத்திருந்து பார்த்துவிட்டேன். போன வாரம் போனில், அம்மா பாதி சொல்றாங்க, நீங்க ஒண்ணுமே சொல்றதில்ல, விருந்தன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு முழுசா எழுதி அனுப்புங்கப்பா என்று கேட்டாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா வாங்கிக்கொள்கிறாள் என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன், முழுசாகவே எழுதுகிறேன், யார் மேல் தப்போ அதையும் சேர்த்து.

இரண்டு மாதம் முன்பு நீ சொன்னது ஒரு சொல் விடாமல் எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த வருட விடுமுறைக்குக் கட்டிக்கொள்ளப் போகிறவரோடு வர நினைக்கிறேன் என்றாய், அம்மா அழுதாள், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், உடனே நீ ஒரு கொக்கியையும் போட்டாய். ஒரே மேசையில உட்காராத அண்ணன் தம்பிய நான் அவருக்கு எப்படிப்பா அறிமுகப்படுத்துவேன், அதை முதல்ல சரி பண்ணுங்க, அப்புறம் டிக்கெட் எடுக்கறேன் என்றாய். பெற்றவனுக்கே நிபந்தனை போடுகிறாளே என்று எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அம்மா, உங்க பொண்ணுதானே, பிடிவாதம் மட்டும் எங்க வீட்டுலேர்ந்தா வந்திருக்கும் என்று கேட்டாள். அன்று மதியம் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

உன் சித்தப்பாவுக்கும் எனக்கும் என்ன என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நம் வீட்டில் வருடக் கடைசி விருந்துக்கு ஆட்டின் முழுத்தொடையை வாட்டி நடுமேசையில் வைப்பார்கள். அறுப்பவர் முதலில் வெட்டும் ஓரத்துண்டு, மேலே சிவந்து மொறுமொறுவென்று இருக்குமே அது, யார் தட்டில் விழுகிறதோ அவர்தான் அந்த வருடத்துச் செல்லம். யாரும் அப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். உன் தாத்தா அறுக்கும்போது அது வருடா வருடம் என் தம்பி தட்டில்தான் விழும். வகுப்பில் முதல் இடம் நான், பரிசுப் புத்தகங்கள் எனக்கு, ஓரத்துண்டு அவனுக்கு. ஒரே ஒரு வருடம் எனக்கு வந்தது, அந்த வருடம் அவன் கன்னம் வீங்கி மெல்ல முடியாமல் கிடந்தான். தாத்தா போன பிறகு கத்தியும் அவனுக்கே போனது, விருந்தும் அவன் வீட்டுக்கே போனது. அதையெல்லாம்கூட நான் பொறுத்தேன். ஏழு வருடம் முன்பு நடந்ததைத்தான் பொறுக்கவில்லை. எங்கள் கட்டடப்பொருள் பரிசோதனைக்கூடத்தில் தலைமைப் பதவி எனக்கு வரவேண்டிய வருடம் அது. வந்தது நீ வெண்ணெய் என்று பெயர் வைத்தாயே அந்த ஆளுக்கு, என்னைவிடப் பத்து வருடம் இளையவர், கான்கிரீட்டையும் களிமண்ணையும் தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியாதவர். அந்த வெண்ணெயை உன் சித்தப்பா தன் வீட்டு விருந்துக்கு அழைத்து, நடு நாற்காலியில் உட்காரவைத்து, தலைமை எஞ்சினியருக்கு முதல் துண்டு என்று எல்லார் காதும் கேட்கச் சொல்லி, ஓரத்துண்டை அவர் தட்டில் வைத்தான். என் தட்டுக்கு நேர் எதிரே. நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டேன், நீயும் அம்மாவும் சாப்பிடாமல் பின்னாலேயே வந்தீர்கள். அன்று வீட்டில் மூன்று பேரும் காய்ந்த ரொட்டியைப் பாலில் தொட்டுத் தின்றோம். அதன் பிறகு அவனோடு ஒரு வார்த்தை இல்லை.

சரி, இந்த வருடத்துக்கு வருகிறேன். உன் நிபந்தனையைக் கேட்ட கையோடு அம்மா சித்தப்பா வீட்டுக்குப் போய், இந்த வருஷம் விருந்து எங்க வீட்டுல என்று சொல்லிவிட்டு வந்து என்னிடம், அழைச்சாச்சு, இனி நீங்க கதவைத் திறப்பீங்களோ மாட்டீங்களோ அது உங்க பாடு என்றாள். அழைப்பதற்கு என்ன, நடுமேசையில் எதை வைப்பது. கட்டட வேலைகள் படுத்துக் கிடப்பதால் எங்கள் கூடத்தில் வாரம் மூன்று நாள்தான் வேலை, முழுத்தொடையைக் கடை வாசலில் நின்று பார்க்கலாம், வாங்க முடியாது. அப்போதுதான் உன் கடிதம் வந்தது, உங்கள் விடுதிச் சமையல்காரம்மா செய்யும் மீட்லோஃபின் செய்முறையோடு. கொத்துக்கறியில் ரொட்டித்தூளும் காய்கறியும் கலந்தால் நாலு பேர் கறி எட்டுப் பேருக்கு வரும், வெட்டி வைத்தால் பார்க்கவும் விருந்து மாதிரி இருக்கும் என்று எழுதியிருந்தாய். நான் அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்தேன். முழுத்தொடை அறுத்துப் பழகியவன் முன்னால் கொத்துக்கறியைப் பிடித்து வைப்பதா என்றுதான் தோன்றியது. அம்மா விடவில்லை. வர்றவங்க பசிச்சுதான் வருவாங்க, எடை போட வரமாட்டாங்க என்றாள்.

கறிக்கடைக்காரரிடம் நானே போனேன், அம்மாவும் கூட வந்தாள். கொழுப்பில்லாமல் சுத்தமான கறியாகக் கொத்திக் கொடுங்கள் என்றேன். எதுக்கு சார் என்றார், சொன்னேன். கொழுப்பே இல்லாமப் பண்ணினா மரக்கட்டையத்தான் மெல்லணும், கொஞ்சம் சேர்த்துக் கொத்தறேன் சார், அப்பதான் பதமா வரும் என்றார். கூட நின்ற அம்மா, வேண்டாங்க, இவருக்கு ஏற்கெனவே நிறைய இருக்கு என்றாள். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள், கறிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இனி அந்தக் கடைக்கு நான் போவதாக இல்லை.

விருந்துக்கு ஒரு வாரம் முன்பே ஒரு முறை செய்து பார்த்துவிடலாம் என்றேன், எதையும் சோதிக்காமல் மேசைக்கு விடுவது என் தொழிலில் பழக்கமில்லை. இங்கேதான் நான் தப்பு செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். கறியைக் கையால லேசாக் கலங்க, அழுத்தாதீங்க என்று நீ அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாய். படித்தேன், நம்பவில்லை. முப்பது வருடமாகக் கான்கிரீட்டை அச்சில் போட்டுச் சோதிக்கிறவன் நான். மூன்று அடுக்காகப் போட வேண்டும், ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் முப்பத்தைந்து குத்து குத்த வேண்டும், உள்ளே ஒரு குமிழ் காற்று இருந்தால்கூட நாளைக்குக் கட்டி உடைந்துவிடும். கறியும் அப்படித்தானே உடையாமல் நிற்க வேண்டும் என்று ரொட்டி அச்சில் மூன்று அடுக்காகப் போட்டு, மரக்கரண்டியின் காம்பால் அடுக்குக்கு முப்பத்தைந்து குத்து, எண்ணி எண்ணிக் குத்தினேன். அம்மா வாசலில் நின்று, என்னங்க, கறியப் பழி வாங்கறீங்களா என்று கேட்டாள். வெந்து வந்தது. அச்சைக் கவிழ்த்தபோது தட்டில் தொம் என்று ஒரு சத்தம், கத்தி வைத்தால் வழுக்குகிறது. அம்மா விரல் மடக்கி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, இதை ஆபீசுக்கு எடுத்துட்டுப் போய் அழுத்திப் பாருங்க, நீங்க பாஸ் போட்ட கட்டடம் ஒண்ணும் இவ்வளவு பலமா இருக்காது என்றாள். கறிச்செங்கல் என்று பெயரும் வைத்தாள். அந்தச் செங்கலை நாங்கள் இருவரும் நான்கு நாள் சீவிச் சீவி ரொட்டிக்குள் வைத்துத் தின்றோம். தாடை வலித்தது. அதற்குப் பிறகுதான் உன் கடிதத்தை எடுத்து, கேட்க வேண்டியவளிடம் கேட்கிற மாதிரி உட்கார்ந்து படித்தேன்.

விருந்தன்று காலையிலேயே தொடங்கினோம். ரொட்டித்தூளைப் பாலில் ஊறவைத்து, வெங்காயத்தைப் பொடியாக அரிந்து வதக்கி ஆறவைத்து, காரட்டைத் துருவி, முட்டை இரண்டு உடைத்து ஊற்றி, உப்பும் மிளகும் போட்டு, கறியைக் கடைசியில் சேர்த்து விரல் நுனியால் கலந்தேன். மேலாகக் கோதிவிடுகிற மாதிரிதான், உனக்குச் சின்ன வயதில் தலை காயவைப்பேனே அப்படி. அச்சு வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள், தட்டிலேயே நீளமாக ஒரு தலையணை போலச் சேர்த்து வைத்து, மேலே தக்காளி சாஸில் கொஞ்சம் சர்க்கரை கலந்து பூசி, அடுப்புப் பெட்டிக்குள் தள்ளினோம். எதையும் இவ்வளவு தளர்வாக நான் என் வாழ்நாளில் விட்டதில்லை. உள்ளே உதிர்ந்துவிடுமோ என்று கண்ணாடிக் கதவு வழியாகக் குனிந்து குனிந்து பார்த்ததில்தான் முழங்கால் இன்னும் வலிக்கிறது.

சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்பே மணி அடித்தது. நான்தான் கதவைத் திறந்தேன், அதை நீ குறித்துக்கொள். சித்தப்பாவுக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது, யாரும் என்னிடம் சொல்லவில்லை. வா என்றேன், வந்தேன் என்றான், ஏழு வருடத்துக்குப் பிறகு எங்கள் முதல் பேச்சு இவ்வளவுதான். கையில் துணி சுற்றிய தாத்தாவின் கத்தி, அதை மேசை ஓரத்தில் வைத்தான். பின்னால் சித்தி ஒரு பெரிய மூடி போட்ட பாத்திரத்தைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து நேராகச் சமையலறைக்குள் போய்விட்டாள். எனக்கு அந்தப் பாத்திரத்தைத் தெரியும். அவர்கள் வீட்டில் முழுத்தொடை வாட்டும் பாத்திரம் அது. ஆகா, நம் வீட்டில் என்ன இருக்கப்போகிறது என்று கையோடு கொண்டுவந்துவிட்டார்கள், என் மேசையில் வைத்து என் முன்னாலேயே அறுக்கப்போகிறான், கத்தியும் அதற்குத்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. உன் முகத்தையும் டிக்கெட்டையும் நினைத்து வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரைச்சீலை பழசாயிடுச்சே என்று சித்தி வேறு சொன்னாள், அதையும் விழுங்கினேன். ஒரு நிலைக்கு மேல் முடியாமல் சமையலறைக்குப் போய் அம்மாவிடம், அந்தத் தொடை இந்த மேசைக்கு வந்தால் நான் எழுந்து போய்விடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். உங்க வீடுதானே இது, எங்க எழுந்து போவீங்க என்று அம்மா கேட்டாள். கேட்டுக்கொண்டே மூடியைத் திறந்தாள். உள்ளே முழுக்க வேகவைத்த உருளைக்கிழங்கு. கறி நீங்க செய்யறீங்க, கிழங்காவது நாங்க கொண்டு வரலாம்னுதான்க்கா என்று சித்தி அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.  அம்மா ஒரு கிழங்கை எடுத்து என் கையில் வைத்து, சூடா இருக்கு, ஊதிச் சாப்பிடுங்க என்று அனுப்பினாள்.

மீட்லோஃபை நான்தான் வெளியே எடுத்தேன். உதிரவில்லை, மேல்புறம் சிவந்து, ஓரங்களில் சாஸ் உருகிப் பளபளவென்று இருந்தது. நடுமேசையில் வைத்தேன். சித்தப்பா துணியைப் பிரித்துக் கத்தியை எடுத்தான். நில் என்றேன். வெட்டுவதற்கு முன் பதினைந்து நிமிடம் ஆறட்டும், சூட்டோடு வெட்டினால் சாறு ஓடி உதிர்ந்துபோகும் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, இந்த முறை உன் சொல்லை ஒரு எழுத்துக்கூட மீறுவதில்லை என்று இருந்தேன். கைக்கடிகாரத்தைக் கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பேச ஒன்றுமில்லை, தின்ன ஒன்றுமில்லை, மேலே அந்த ஊதுகுழல்காரர் ஒரே வரியை ஊதிக்கொண்டிருக்கிறார். மூன்று நிமிடம் போயிருக்கும். சித்தப்பா மெதுவாக, பதினஞ்சு நிமிஷந்தானே, இருபத்தெட்டு நாள் தண்ணில போட்டு வைக்கணும்னு சொல்லாம விட்டியே அண்ணா என்றான். கான்கிரீட்டை இருபத்தெட்டு நாள் நீரில் ஊறவைத்துச் சோதிப்பதை நான் அவனுக்குச் சொன்னது வேலைக்குச் சேர்ந்த வருடம். அப்போது நாங்கள் இருவரும் ஒரே அறையில் தூங்கினோம். அதை அவன் இத்தனை வருடம் வைத்திருந்தான். அம்மாதான் முதலில் சிரித்தாள், அப்புறம் செங்கல் கதையை ஒன்று விடாமல், குத்து எண்ணிக்கையோடு சொன்னாள், சித்திக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

அந்தச் சிரிப்பு அடங்கினதும் சித்தப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான், அன்னிக்கு ஏன் எழுந்து போன என்று. ஏழு வருடமாக அவனுக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். சொன்னேன், என் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு என் கண் முன்னால் ஓரத்துண்டு வைத்தாயே என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது. உன் நாற்காலியா, அது உனக்கு வரவேண்டியதுன்னு எனக்கு யாரு சொன்னா, நீ சொன்னியா என்றான். அந்த ஆளு எங்க கட்டடத்துல மூணாவது மாடிக்குக் குடிவந்தாரு, உங்க ஆபீஸ் தலைமைன்னு தெரிஞ்சுது, மேலதிகாரியக் கொஞ்சம் கவனிச்சா அண்ணனுக்கு நல்லதுன்னு நெனச்சேன், எனக்குக்கூட வச்சுக்காம ஓரத்த அவருக்கு வச்சேன் என்றான். மகளே, பதவி போன செய்தியை நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடமே இரண்டு மாதம் கழித்துத்தான் சொன்னேன். விருந்து நடந்தது பதவி போன முதல் மாதத்திலேயே. சொல்லாததை அவன் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று ஏழு வருடம் கோபமாக இருந்திருக்கிறேன். அதை நான் மேசையில் சொல்லவில்லை, இங்கே உனக்குத்தான் எழுதுகிறேன். அங்கே நான் சொன்னது, இன்னும் நாலு நிமிடம் இருக்கிறது என்பதுதான். சரி, இருக்கட்டும் என்றான் அவன். தாத்தா ஏன் வருடா வருடம் ஓரத்துண்டை அவனுக்கே வைத்தார் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவனில்லை.

பதினைந்து நிமிடம் முடிந்தது. சித்தப்பா கத்தியைத் திருப்பிப் பிடியை என் பக்கம் நீட்டினான், உன் வீடு, நீதான் என்றான். ஐம்பத்து நாலு வயதில் முதல் முறையாக அந்தக் கத்தியைப் பிடித்தேன், நான் நினைத்திருந்ததைவிட எடை குறைவு. ஓரத்தை வெட்டினேன், கத்தி சுகமாக இறங்கியது, துண்டு உதிராமல் அப்படியே சாய்ந்தது. மூன்று பேரும் என் கையையே பார்த்தார்கள். உன் தட்டும் ஒன்று வைத்திருந்தாள் அம்மா, வெறுமனே. அதில் வைக்கலாமா என்று ஒரு நொடி பார்த்தேன். நீயாக இருந்தால் எங்கே வைக்கச் சொல்லியிருப்பாய் என்று யோசித்து, சித்தப்பா தட்டில் வைத்தேன்.  அவன் அதைப் பார்த்தான், அப்புறம் என் கையிலிருந்து கத்தியை வாங்கினான், நடுமேசைத் தட்டை அப்படியே அரைவட்டம் திருப்பினான். இது தொடை இல்லண்ணா, எலும்பு இல்ல, இதுக்கு ரெண்டு பக்கமும் ஓரம் இருக்கு பாரு என்று சொல்லி, மறுமுனையை வெட்டி என் தட்டில் வைத்தான்.

சுவையைக் கேட்பாய். பெரிதாக ஒன்றுமில்லை, கொஞ்சம் தித்திப்பு, அடியில் லேசாகக் கருகியிருந்தது. இதற்காகவா என்று நினைத்துக்கொண்டே மெதுவாக, கடைசித் துணுக்கு வரை தின்றேன். எட்டுப் பேருக்கு வரும் என்று நீ சொன்னது சரிதான், மிச்சத்தை இரண்டு வீடும் பிரித்துக்கொண்டோம். கிழங்கு நன்றாக இருந்தது என்று சித்தியிடம் சொன்னேன், திரைச்சீலைக்கு நான் இன்னும் அவளை மன்னிக்கவில்லை. வெண்ணெயையும் மன்னிக்கவில்லை, அது தனிக் கணக்கு, அதில் நீ நிபந்தனை போட வராதே. உன் நிபந்தனை முடிந்தது. டிக்கெட் எடு. வருபவர் கறி சாப்பிடுவாரா என்று எழுது, சாப்பிடாவிட்டால் சித்தியிடம் கிழங்குப் பாத்திரம் இருக்கிறது. அடுத்த வருடமும் மீட்லோஃப்தான் என்று முடிவாகிவிட்டது, ஒரு ஓரம் உனக்கு, மறு ஓரம் அவருக்கு, நமக்கு நடுத்துண்டு போதும் என்று நேற்று சித்தப்பாவிடம் போனில் சொன்னேன். ஆமாம், நான்தான் போன் செய்தேன். என்னண்ணா, இப்பத்தானே கைக்கு வந்துச்சு, அதுக்குள்ள விட்டுக்குடுக்கற என்றான்.

அறை மாற்றிக் கேட்க மறக்காதே. நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லி, குறைவின்றி, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம்.

கையை லேசாக வைக்கக் கற்றுக்கொண்டிருக்கும்,
உன் அப்பா